இரண்டு வயலுக்கு ஒரு வானம்

கும்பகோணம் தாண்டி ரயில் மயிலாடுதுறையை நோக்கி ஓடத் தொடங்கியதும், ஜன்னலுக்கு வெளியே வயல்கள் இரண்டு நிறமாகப் பிரிந்து கிடந்தன. ஒரு பக்கம் முற்றித் தலைசாய்ந்த குறுவை. வரப்புக்கு மறுபக்கம் இப்போதுதான் முளைத்து நிற்கும் சம்பா நாற்றங்கால். 2024-ஆம் ஆண்டு, புரட்டாசி பிறந்த வாரம். காலை ஒன்பது மணிக்கே ஜன்னல் கம்பி கையைச் சுட்டது. திருநாகேஸ்வரத்தில் ஏறிய பூக்கார அம்மா கூடையின் மேல் ஈரத்துணியை மூன்று மடிப்பாகப் போட்டிருந்தார். "சித்திரையிலகூட ரெண்டு மடிப்புதான் போடுவேன்" என்றார்.

அந்த வாரம் தமிழகம் முழுக்க இதே பேச்சுதான். மதுரை விமான நிலையத்தில் செப்டம்பர் நடுவில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சென்னை வானிலை மையத்தின் அறிக்கைகள், பகல் வெப்பம் இயல்பைவிட 2 முதல் 4 டிகிரி வரை கூடுதலாக இருக்கும் என்று தொடர்ந்து எச்சரித்தன. காரைக்கால், நாகப்பட்டினம் கரையில் செப்டம்பர் மாதப் பகல் 33, 34 டிகிரியை ஒட்டி இருப்பதுதான் வழக்கம். அதற்கு மேல் இரண்டு டிகிரி என்றால் நகரத்தில் மின்விசிறியைக் கூட்டி வைப்போம். டெல்டாவில் அந்த இரண்டு டிகிரி என்ன செய்கிறது, அடுத்த மழை எப்போது என்று அங்குள்ளவர்கள் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஆடுதுறையில் வண்டி நின்றது. 1922-இல் நெல் ஆராய்ச்சிக்காக நிலையம் தொடங்கப்பட்ட ஊர். தஞ்சைத் தரணியின் வேளாண்மைக்கு ஊர்ப் பெயரையே ரகப் பெயராகக் கொடுத்தது இந்த இடம். 1960-களின் நடுவில் ஜப்பானிய நெல்லோடு ஒட்டுச் சேர்த்து வந்த ஆடுதுறை 27, பிறகு ஆடுதுறை 36, 37, 43, 45 என்று குறுவைப் பட்டமே இங்கிருந்து கிளம்பிய எண்களால் ஆனது. இந்த ரகங்களின் வயது 105, 110, 115 நாள். ஜூனில் மேட்டூர் திறந்தால் செப்டம்பர் கடைசிக்குள் அறுத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சம்பாவையோ தாளடியையோ மண்ணில் ஊன்றிவிட வேண்டும். டெல்டாவின் ஆண்டுக் கணக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. மழைக்கு முன் ஒரு பயிரை வெளியே எடுக்க வேண்டும், மழைக்குள் இன்னொன்று வேர் பிடித்திருக்க வேண்டும். புரட்டாசி இரண்டுக்கும் பொதுவான மாதம்.

அந்த ஆண்டு கணக்கு ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. மேட்டூரில் ஜூன் 12-இல் திறக்கத் தண்ணீர் இல்லை. கர்நாடகத்து நீர்ப்பிடிப்பில் பெய்த மழையால் அணை மளமளவென்று ஏறி, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். குறுவை செய்தவர்களில் பெரும்பாலோர் போர்செட் வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் நேராகச் சம்பாவுக்குப் போனார்கள். புழுதி உழவு ஓட்டி நேரடியாக விதைத்தவர்கள் பலர்.

குத்தாலத்தில் இறங்கி ஊருக்குத் தெற்கே நடந்தேன். ஒரு நாற்றங்காலில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் வாய்க்காலில் கையை நனைத்துக்கொண்டு, விரித்த உள்ளங்கையை நாற்றின் நுனிகளை உரசினாற்போல ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டிய கையைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை ஈரத்தில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நெளிந்தன.

"பேன் தம்பி. எலைப்பேன். மழை தூறிக்கிட்டே இருந்தா இது தலையெடுக்காது. காஞ்சா போதும், வந்து ஒக்காந்துக்கும். எல நுனி பாருங்க, ஊசி மாதிரி சுருண்டு போச்சு."

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித் தரும் முறையும் இதுதான். நனைத்த கையால் நாற்றங்காலில் பன்னிரண்டு முறை தடவ வேண்டும். அறுபது பூச்சிக்கு மேல் ஒட்டினால் மருந்தடிக்க வேண்டும். பெரியவர் எண்ணவில்லை. கையைப் பார்த்த மாத்திரத்தில், "இன்னிக்கு ராத்திரி தண்ணியக் கட்டி முழுக வெச்சுட்டு வடிச்சா போதும், மருந்து வேணாம்" என்று முடிவெடுத்தார். அவர் போட்டிருப்பது சி.ஆர். 1009. ஊரில் 'ஆயிரத்தொம்பது' என்றால்தான் தெரியும். ஐந்து மாதத்துக்கும் மேல் வயலில் நிற்கும் ரகம். தை மாதம் வரை வானத்தை நம்பி நிற்க வேண்டிய பயிர், முதல் மாதத்திலேயே காய்ந்தால் தூர் கட்டாது என்பது அவர் கவலை. அவருக்கு இந்த வாரம் ஒரே ஒரு மழை வேண்டும். பெருமழைகூட வேண்டாம், இரண்டு செ.மீ. போதும்.

அங்கிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் சாலையில், அரைச் சாலையை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் இடம் போதாமல் தார்ச்சாலையில் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். நடுவயதுப் பெண் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தார். பாதம் போன வழியெல்லாம் நெல் கோடு கோடாகப் பிளந்து, அடியிலிருந்த ஈர மணிகள் மேலே வந்தன. வெயில் அப்போது உச்சியில் இருந்தது.

"கால் சுடலையாக்கா?"

"சுடுது. சுட்டாத்தானே சார் காயும்? இந்த வெயில் இன்னும் நாலு நாள் நிக்கணும். அதுக்குள்ள எடை போட்டுட்டா தேவலாம்."

ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்'கென்று உடையவில்லை, லேசாக நசுங்கியது. மறுபடி துழாவப் போய்விட்டார். உள்ளே மேசை மீது ஈரப்பதம் அளக்கும் கருவி இருக்கிறது. அதில் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் சாக்கு கிடைக்கும், 40 கிலோ சிப்பம் கட்டலாம். 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய கொள்முதல் பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,450 ரூபாய், பொது ரகம் 2,405 ரூபாய். அந்தத் தொகைக்கும் அவருக்கும் நடுவே நின்றது இரண்டு மூன்று சதவீத ஈரம் மட்டுமே. அதைப் போக்க அவர் கையில் இருந்த ஒரே வசதி, ஊரே திட்டிக்கொண்டிருந்த வெயில். சாயங்காலம் இடி இடித்தால் ஓடிப்போய்ப் போர்த்தத் தார்ப்பாய் ஒன்றும் ஓரத்தில் சுருட்டி வைத்திருந்தார்.

குத்தாலத்துப் பெரியவர் வேண்டும் மழை இவருடைய நெல்லை முளைக்கவைத்துவிடும். இவர் வேண்டும் வெயில் பெரியவரின் நாற்றைச் சுருட்டிவிடும். இரண்டு பேருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். பல வீடுகளில் அந்த இடைவெளிகூட இல்லை. கீழ வயலில் குறுவை அறுத்துக்கொண்டு மேல வயலில் சம்பா நாற்று வைத்திருக்கும் குடும்பம், காலையில் ஒரு வானத்தையும் மாலையில் இன்னொரு வானத்தையும் வேண்டிக்கொள்கிறது. டெல்டாவில் "நல்ல வானிலை" என்று ஒட்டுமொத்தமாக எதையும் சொல்ல முடியாது என்பது எனக்கு அந்தச் சாலையில்தான் உறைத்தது. எந்தப் பயிர், எந்த வயது, எந்த வேலை என்று கேட்ட பிறகே வெயில் நல்லதா கெட்டதா என்று பேச முடியும்.

இந்த வெயில் வந்த வழியும் சுவையானது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே ஆண்டில் இரு முறை வருகிறது. மயிலாடுதுறை இருக்கும் 11 டிகிரி அட்சரேகைக்கு இரண்டாம் முறை வருவது ஆகஸ்ட் நான்காம் வாரத்தில். ஆகவே செப்டம்பர் வெயிலுக்கு இயல்பிலேயே வலு உண்டு. மேகமும் மாலை மழையும் அதை அடக்கி வைக்கும். அந்த வாரம் வடக்கே மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் நிலைகொண்டு ஈரத்தையெல்லாம் அங்கே இழுத்துக்கொண்டது. மேற்கிலிருந்து வீசும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சரிந்து இறங்கும்போது சூடேறி உலர்ந்து வந்தது. மேகம் கூடவில்லை. மேல்காற்று வலுத்ததால் கடல்காற்றும் உரிய நேரத்தில் உள்ளே நுழைய முடியவில்லை.

மயிலாடுதுறை நகரத்துக்குள் நுழைந்தது முதல் புரட்டாசிச் சனிக்கிழமை. திருஇந்தளூர் பரிமள ரங்கநாதர் கோயிலில் வரிசை வெளிவரை நீண்டிருந்தது. கல் பாவிய இடத்தில் நிற்க முடியாமல் ஜனங்கள் நிழல் விழும் பக்கமாகவே ஒதுங்கி நகர்ந்தார்கள். மாலையில் துலாக்கட்டத்துக்குப் போனேன். ஆற்றின் நடுவே நந்தி மண்டபம். ஐப்பசி முழுவதும் இங்கே துலா நீராட்டு, மாதக் கடைசியில் கடைமுகம், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. இந்த விழா முறைக்குள் ஒரு வானிலைக் குறிப்பு உறைந்திருக்கிறது. ஐப்பசியில் காவிரி நிறைந்து ஓடும், மழை தொடங்கியிருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய நாள்காட்டி அது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்ததில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கச் சராசரியாகக் குறித்த நாள் அக்டோபர் 20, ஐப்பசியின் முதல் வாரம். மூன்று மாதத்தில் தமிழகத்துக்குக் கிடைக்கும் சராசரி 44 செ.மீ. டெல்டா கரையோரத்துக்கு அதைப் போல இரு மடங்கை நெருங்கும்.

படித்துறைக்கு அருகே ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்த நாலு பேரும் விவசாயிகள். ஒருவர் கைபேசியில் தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானின் பதிவைப் படித்துக் காட்டினார். இன்னொருவர் வானிலை மையத்து அறிக்கையை வாசித்தார்: "தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசான மழை." மூன்றாமவர் கோபமாகக் கேட்டார்: "அந்த ஓரிரு எடத்துல நம்ம எடம் இருக்கா இல்லையா? அதச் சொல்லுங்க."

இது நியாயமான கேள்வி. வானிலைத் துறையின் அளவுகோலில் 'ஓரிரு இடங்கள்' என்பதற்குக் கறாரான பொருள் உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்குக் குறைவு. 'ஒரு சில இடங்கள்' என்றால் பாதி வரை. 'பல இடங்கள்' என்றால் முக்கால் வரை. 'பெரும்பாலான இடங்கள்' என்றால் அதற்கும் மேல். 'கனமழை' என்றாலும் அப்படித்தான், 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்தக் கணக்கை நான் சொன்னபோது நாலு பேரும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "அப்ப ஓரிரு எடம்னா நாலு ஊர்ல மூணு ஊருக்கு மழை இல்லன்னு வெச்சுக்கலாம். நாளைக்கும் நெல்ல காயப் போடலாம்" என்று கோபக்காரரே முடித்தார். அந்த ஒரு வரி விளக்கம் அவருக்கு ஒரு நாள் வேலையைத் தீர்மானித்துக் கொடுத்தது.

பெஞ்சிலிருந்த மூத்தவர் பழமொழியை எடுத்தார். புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும். பழமொழியில் விஞ்ஞானம் இருக்கிறது. தரை நன்றாகச் சூடேறி, மேல்காற்று தளர்ந்து, கடல்காற்று ஈரத்தோடு உள்ளே வந்தால் மாலையில் இடிமேகம் எழும்பும். வெப்பச்சலன மழை என்று அறிக்கை சொல்வது இதைத்தான். ஆனால் காய்ந்த ஆண்டெல்லாம் பெய்ததில்லை. 2016-இல் பருவமழை அக்டோபர் 30-இல்தான் தொடங்கி, மொத்தத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. 2023-இல் அக்டோபர் 10-ஆம் தேதியே மேட்டூரை மூடினார்கள். அந்த ஆண்டுகளின் பெயரைச் சொன்னதும் மூத்தவர் தலையாட்டினார். "பழமொழி தைரியத்துக்கு. விதைக்கறதுக்கு வேற கேட்டுக்கணும்."

மறுநாள் மன்னம்பந்தல், செம்பனார்கோயில் வழியாகக் கிழக்கே போனேன். மேலையூரில் கடையணை. குடகில் புறப்பட்ட ஆற்றைக் கடைசியாக ஒரு முறை தடுத்து வயலுக்குத் திருப்பும் இடம். அதற்கப்பால் பூம்புகார், கடல். கடைமடை என்று இந்த மாவட்டத்தைச் சொல்லும்போது தண்ணீர் கடைசியாக வரும் இடம் என்று மட்டும் நினைக்கிறோம். வெள்ளமும் கடைசியாக வடியும் இடம் இதுதான். ஆறு மெலிந்த நாட்களில் கடலின் உப்பு நிலத்தடியில் உள்ளே ஏறும். ஆகவே இங்கே வெயில் நீண்டால் போர்செட்டின் தண்ணீரையே நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூம்புகார் கடற்கரையில் பகல் இரண்டு மணிக்குக்கூடக் காற்று கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசியது. படகுகளில் கட்டியிருந்த கொடிகளெல்லாம் கிழக்கு நோக்கிப் படபடத்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "கச்சான் இன்னும் விடல அண்ணே. இது விட்டு, கொண்டல் திரும்பினாத்தான் மழை. கொடி மேக்க பாக்கணும்."

கச்சான் என்பது மேல்காற்று, கொண்டல் கீழ்க்காற்று. வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழையை அறிவிக்க வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்று இதேதான். தென்மேற்குப் பருவக்காற்று 15 டிகிரி அட்சரேகை வரை விலக வேண்டும். தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைபெற வேண்டும், அதுவும் தரையில் மட்டுமல்ல, ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை. கரையோரத்தில் பரவலாக மழை பெய்ய வேண்டும். காரைக்காலில் உள்ள டாப்ளர் ரேடார் மேகத்தைப் பார்க்கிறது, மீனவர் கொடியைப் பார்க்கிறார். இருவரும் காத்திருப்பது ஒரே காற்றுக்கு. ஒருவர் அறிந்ததை மற்றவர் காதில் போடும் ஏற்பாடுதான் குறைவு.

திரும்பும்போது சீர்காழி வழியாக வந்தேன். வெயிலில் காய்ந்து கிடந்த அந்த ஊரில் 2022 நவம்பரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. நவம்பர் 11 இரவு தொடங்கி 12 காலைக்குள் 44 செ.மீ. கொட்டியது. தமிழகம் முழுவதற்கும் மூன்று மாதத்துச் சராசரி எவ்வளவோ, அது ஒரே இரவில் ஒரே ஊரில். சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். நட்ட சம்பா நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. அன்று மழை வரும் என்று அறிக்கை இருந்தது. இந்த ஊரில் இவ்வளவு கொட்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் நுணுக்கம் இன்னும் கைகூடவில்லை. சூடேறிய கடல் கூடுதல் ஈரத்தை அனுப்புகிறது, சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்குகிறது. டிகிரிக்கு ஏறத்தாழ 7 சதவீதம் என்பது இயற்பியல் கணக்கு. புரட்டாசியில் காயும் வெயிலும் ஐப்பசியில் கொட்டும் மழையும் தனித்தனிக் கதைகள் அல்ல.

வெயிலைப் பற்றிப் பேசும்போது பகல் வெப்பத்தை மட்டுமே பேசுகிறோம். நெல்லுக்கு இரவும் முக்கியம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டு 2004-இல் வெளிவந்த ஆய்வு, கோடைப்பட்டத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. பகலில் சேர்த்த மாவுச்சத்தை, இரவு சூடாக இருந்தால் பயிர் மூச்சு விட்டே செலவழிக்கிறது. பகல் வெப்பம் பூக்கும் நேரத்தில்தான் கொல்லும். முற்பகலில் ஒரு மணி நேரம் போல நெற்பூ திறந்திருக்கும்போது 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பிடிக்காமல் பதராகும். பின்தங்கி நட்ட குறுவை அந்த வாரம் பூத்திருந்தால் அதன் கணக்கு அறுவடையில்தான் தெரியவரும். வானிலை அறிக்கையில் இந்த இரண்டு செய்திகளும் இருக்கின்றன, எண்களாக. 'பூக்கும் வயலுக்கு இது கேடு, காயும் நெல்லுக்கு இது நன்மை, நாற்றங்காலுக்கு இரவில் தண்ணீர் கட்டு' என்று பயிரின் பாஷையில் அவை வரப்பை எட்டுவதில்லை.

எட்டவைக்க வழி இல்லாமல் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வாரம் இரு முறை வேளாண் வானிலை அறிக்கை மாவட்ட அளவில் வெளியாகிறது. ஐந்து நாள் முன்னறிவிப்பும் பயிர்வாரி ஆலோசனையும் அதில் உண்டு. அந்தத் தாளை ஒவ்வொரு கொள்முதல் நிலைய வாசலிலும், ஒவ்வொரு தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டினால் போதும், பாதி வேலை முடிந்தது. அளவுச் சொற்களின் பொருளை அதன் கீழே நிரந்தரமாக எழுதி வைக்கலாம். வட்டாரத்துக்கு ஒன்று என்ற அளவிலாவது தானியங்கி வானிலைக் கருவியின் அளவுகள் அன்றன்றே ஊருக்குத் தெரிய வேண்டும். நெல்லைச் சாலையில் காயப்போடும் நிலையை மாற்றக் களமும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். அப்போதுதான் குறுவைக்காரர் வெயிலுக்கும் சம்பாக்காரர் மழைக்கும் எதிரெதிரே நின்று வேண்டிக்கொள்ளும் அவதி குறையும்.

அந்த ஆண்டு பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பருவமழை அக்டோபர் 15-இல் தொடங்கியது. நவம்பர் கடைசி வாரத்தில் ஃபெஞ்சல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்தபோது டெல்டாவில் இளஞ்சம்பா தண்ணீரில் மூழ்கியது. டிசம்பர் முடிவில் தமிழகத்துக்குக் கிடைத்த மழை இயல்பைவிட 33 சதவீதம் அதிகம். பொன்னுருகக் காய்ந்தது, மண்ணுருகவும் பெய்தது. இயல்பைவிட அதிக மழை வரும் என்று வானிலைத் துறை பருவத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. வடிகாலைத் தூர்வாரவும், பயிர்க் காப்பீட்டைத் தள்ளிப்போடாமல் கட்டவும் அந்த முன்னறிவிப்பு கொடுத்த நாட்கள்தான் உண்மையான உதவி. வானத்தை நம்மால் திருப்ப முடியாது. அது தரும் அவகாசத்தைக் கடைமடையின் கடைசி வரப்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். ஆற்று நீரைப் பங்கிட்டுக் கடைசி வயல் வரை பாய்ச்சக் கற்றுக்கொண்ட நாடு இது. வானிலைச் செய்தியையும் அதே முறையில் பாய்ச்சுவது நம் காலத்துக் கடமை.